வலைப்பின்னலின் கழுத்து எங்கே?

புட்டி எவ்வளவு அகலமானாலும், கழுத்து குறுகியிருந்தால் தண்ணீர் அந்தக் கழுத்தின் அளவுக்கே வெளிவரும். இது நீங்கள் அறிந்ததே. ஆனால் நூறு குழாய்கள் கிளைத்தும் கூடியும் பின்னிக் கிடந்தால், அவற்றின் ‘கழுத்தை’ எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்?

இக்கேள்வியைக் கணிதத்துக்குள் கொண்டுவந்தது பனிப்போர். சோவியத் ஒன்றியத்திலிருந்து கிழக்கு ஐரோப்பாவுக்கு இரயிலில் அதிக அளவாக எவ்வளவு சரக்கு போக முடியும்? அதை நிறுத்த எந்தப் பாதைகளைத் துண்டிக்க வேண்டும்? அமெரிக்காவின் ராண்ட் நிறுவனத்தில் கணித அறிஞர் ஹாரிஸும், ஓய்வுபெற்ற படைத்தலைவர் ராஸும் இதை ஆராய்ந்து, 1955-இல் இரகசிய அறிக்கை எழுதினர். அவர்கள் வரைந்த வலைப்பின்னலில் 44 முனைகள், 105 இணைப்புகள். கண்ட விடை 1,63,000 டன். அறிக்கையின் இரகசியம் 1999-இல்தான் நீங்கியது.

ஹாரிஸ் எழுப்பிய வினாவுக்குப் பொது விடை கண்டவர்கள் அதே நிறுவனத்தின் ஃபோர்டும் ஃபுல்கர்சனும். 1956-இல் ஆய்விதழில் வெளியான அவர்களது தேற்றம் இது: புறப்படும் இடத்தைச் சேரும் இடத்திலிருந்து முற்றிலும் பிரிக்கும் வெட்டுகளுள் மிகச் சிறியதன் கொள்ளளவே மிகப் பெரிய பாய்வு.

அவர்களது வழிமுறையைச் சிறிய எடுத்துக்காட்டால் பார்ப்போம். அ-விலிருந்து ஈ-க்கு வண்டிகள் போக வேண்டும். அ–ஆ, அ–இ, ஆ–இ, ஆ–ஈ, இ–ஈ என ஐந்து பாதைகள். ஒவ்வொன்றும் ஒரு வண்டியையே தாங்கும். முதல் வண்டியை அ–ஆ–இ–ஈ என அனுப்பிவிட்டால், இரண்டாம் வண்டி இ-யில் நின்றுவிடும். அப்போது ஆ–இ ஓட்டத்தை ரத்து செய்யுங்கள்! முதல் வண்டி ஆ-விலிருந்து நேரே ஈ-க்குப் போகட்டும். இரண்டாவது அ–இ–ஈ எனப் போகட்டும். ஈ-க்குள் நுழையும் பாதைகள் இரண்டே. ஆகவே இதற்கு மேல் முடியாது. வெட்டே விடைக்குச் சான்று.

எனினும், வழிகளைக் கண்டபடி தேர்ந்தெடுத்தால் படிகள் பெருகிவிடும். மிகக் குறைந்த இணைப்புகள் கொண்ட வழியை முதலில் எடுத்தால் இக்குறை தீரும் என்று சோவியத் அறிஞர் தினிட்ஸ் 1970-இலும், எட்மண்ட்ஸ், கார்ப் இருவரும் 1972-இலும் காட்டினர். 2022-இல் ஆறு ஆய்வாளர்கள், ஏறத்தாழ இணைப்புகளின் எண்ணிக்கை அளவுக்கே நேரம் வளரும் வழிமுறையைக் கண்டனர்.

இன்னொரு செய்தியும் உண்டு. 1930-இலேயே டால்ஸ்டாய் என்ற சோவியத் ஆய்வாளர், அந்நாட்டு இரயில் பாதைகளில் சரக்குகளைக் குறைந்த தொலைவில் கொண்டு சேர்க்கும் முறையை ஆராய்ந்திருந்தார். ஒருவர் ஓட்டத்தைச் சீராக்கக் கணக்கிட்டார். மற்றவர்கள் நிறுத்தக் கணக்கிட்டனர். எந்த இணைப்பைத் தகர்த்தால் ஓட்டம் நிற்கும் என்று காட்டும் அதே வெட்டுத்தான், ஓட்டத்தைப் பெருக்க எதை முதலில் அகலப்படுத்த வேண்டும் என்றும் காட்டுகிறது. எதற்குப் பயன்படுத்துவது என்பது மனிதர் கையில் இருக்கிறது.