பொருநைக் கரை – 17: பாப்பாத்தியம்மாள் கிணறு

பாளையங்கோட்டைக் கோட்டைக்குள் முகாமிட்டிருந்த கம்பெனிப் படையைப் பற்றிச் சென்ற வாரம் பார்த்தோம். அந்தப் படையோடு ஊருக்குள் வந்த ஒரு பெண்ணைப் பற்றி இந்த வாரம் எழுத வேண்டும். சபைப் பதிவேட்டில் அவர் பெயர் குளோரிந்தா. ஊர் வைத்த பெயர் பாப்பாத்தியம்மாள்.

இயற்பெயர் கோகிலா. தஞ்சாவூர் மராட்டியப் பிராமணக் குடும்பத்தில் பிறந்து, இளம் வயதிலேயே கணவனை இழந்தவர். சிதையில் ஏற்றப்பட இருந்தவரை லிட்டில்டன் என்ற ஆங்கிலேய அதிகாரி காப்பாற்றினார் என்று வழிவழியாகச் சொல்கிறார்கள். பெருங்குளத்து அ. மாதவையா 1915இல் ஆங்கிலத்தில் எழுதிய ‘கிளாரிந்தா’ நாவலுக்கு இவர் வாழ்க்கைதான் கரு. லிட்டில்டனோடு வாழ்ந்த காலத்தில் அவரிடமே வேதம் கற்றுக்கொண்டார். ஞானஸ்நானம் கேட்டபோது மிஷனெரி சுவார்ட்ஸ் ஐயர் மறுத்துவிட்டார். முறைப்படி மணம் செய்துகொள்ளாமல் சேர்ந்து வாழ்கிறவர் என்பது காரணம். அதிகாரி இறந்த பிறகு, 1778இல் சுவார்ட்ஸ் பாளையங்கோட்டைக்கு வந்தபோதுதான் அது நிறைவேறியது.

பிறந்த சாதி அவரைத் தள்ளிவைத்தது. சேர விரும்பிய சபையும் வாசலில் காக்க வைத்தது. கைம்பெண், வெள்ளைக்காரனோடு இருந்தவள் என்று ஊர் வாய் என்னவெல்லாம் பேசியிருக்கும் என்பதை நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அப்படிப்பட்டவர்தான் திருநெல்வேலிச் சீமையின் முதல் சீர்திருத்தச் சபையை நிறுத்தியவர்.

1780இல் எழுதிய சபைப் பதிவேட்டில் நாற்பது பேர். பல சாதியார். வெளியே ஒரே பந்தியில் உட்காராதவர்களின் பெயர்கள் ஒரே தாளில் அடுத்தடுத்து எழுதப்பட்டன. போதகர் இல்லை, கோயில் இல்லை. 1783இல் குளோரிந்தா தஞ்சாவூருக்கே போய், எங்களுக்கு ஓர் உபதேசியாரை அனுப்புங்கள் என்று சுவார்ட்ஸிடம் கேட்டார். சத்தியநாதன் வந்தார். படை அதிகாரிகளிடம் பணம் திரட்டி, தன் கைப்பணத்தையும் போட்டுக் குளோரிந்தா கட்டிய கோயிலை 1785இல் சுவார்ட்ஸ் வந்து பிரதிஷ்டை செய்தார். சத்தியநாதனுக்கு 1790இல் குருப்பட்டம் கிடைத்தது.

கோயில் கட்டியதோடு அவர் நிறுத்தவில்லை. கிணறு ஒன்றும் வெட்டினார். தண்ணீர்த் துறைகூடச் சாதிக்கொன்றாகப் பிரிந்திருந்த காலம் அது. பாப்பாத்தியம்மாள் கோயில், பாப்பாத்தியம்மாள் கிணறு என்று ஊர் இரண்டையும் சேர்த்தே சொல்லிவந்தது. ஒரு சபை, தான் இருக்கும் ஊருக்கு என்ன செய்தது என்று கேட்டால், நான் இந்தக் கிணற்றிலிருந்துதான் கணக்கைத் தொடங்குவேன்.

அடுத்த கட்டம் தெற்கே தேரிக்காட்டில். பனையேறிக் குடும்பங்கள் ஏராளமாகச் சபையில் சேர்ந்தன. அவர்கள் குடிசை நின்ற மண் அவர்களுடையது அல்ல. ஏறிய பனையும் பெரும்பாலும் அவர்களுடையது அல்ல. வேதத்தில் சேர்ந்த குடும்பத்தை ஒரே இரவில் வெளியேற்றப் பண்ணையாரின் ஒரு சொல் போதும். அடி, தீவைப்பு, பொய் வழக்கு எல்லாம் நடந்தன. 1799இல் தாவீது சுந்தரானந்தம் என்ற உபதேசியார், துரத்தப்பட்டவர்களுக்காக நிலம் வாங்கிக் குடியேற்றிய ஊர்தான் முதலூர். முதல் கிறிஸ்தவ ஊர் என்பதால் அந்தப் பெயர்.

முதலூரில் ஒருமுறை நடந்ததை ஓர் ஏற்பாடாகவே ஆக்கியவர் இரேனியஸ். பிரஷ்யாவிலிருந்து வந்த இவர் 1820இல் பாளையங்கோட்டையில் குடியேறினார். தமிழில் இலக்கணம் எழுதியவர், ‘பூமி சாஸ்திரம்’ எழுதியவர் என்று தமிழ் வாசகர்கள் அறிவார்கள். 1830இல் அவர் தொடங்கிய தரும சங்கத்தைப் பற்றிப் பேசுவோர் குறைவு. எனக்கு அவருடைய இலக்கணத்தைவிட இந்தச் சங்கம்தான் பெரிது. சபையார் கொடுத்த பணத்தில் சங்கம் நிலம் வாங்கும். கோயிலும் பள்ளிக்கூடமும் எழும், சுற்றிலும் வீட்டுமனைகள். மனையில் குடியேறியவரை இனி எவரும் இரவோடிரவாகக் கிளப்ப முடியாது. தெற்கே பயணம் போகிறவர்கள் பேருந்துப் பலகைகளில் பார்க்கும் ‘புர’ங்களும் ‘நல்லூர்’களும், பைபிளிலிருந்து எடுத்த ஊர்ப் பெயர்களும் எத்தனை! அவற்றில் பலவும் இப்படி ஓட்டாண்டிகளாய் வந்தவர்கள் கால் ஊன்றிய இடங்கள்தாம்.

பனையேறிகளிடம் ஏது பணம் என்று கேட்கலாம். திருநெல்வேலிச் சபைகளில் கைப்பிடி அரிசி என்று ஒரு வழக்கம் உண்டு. உலை வைக்கும்போது வீட்டுப் பெண் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிக் கலயத்தில் போடுவாள். அது சேர்ந்ததும் கோயிலுக்குப் போகும். முதல் ஈற்றுக் குட்டி, முதல் காய்ப்புத் தேங்காய், கோழி, முட்டை, பூசணி எல்லாம் காணிக்கையாக வரும். ஆராதனை முடிந்ததும் வாசலில் ஏலம் போடுவார்கள். ஒரே ஒரு முட்டையை இருநூறு ரூபாய்க்கு ஏலம் எடுத்துத் திரும்பவும் கோயிலுக்கே கொடுக்கிறவர்களை இன்றைக்கும் பார்க்கலாம். கல்வெட்டில் கனவான்கள் பெயர் இருக்கும். பிடி அரிசிக்காரியின் பெயர் எங்கும் இருக்காது.

இரேனியஸ் காலத்தில் எழுந்த இன்னொன்று கைம்பெண்களுக்கான நிதி. உபதேசியாருக்கும் பள்ளி வாத்தியாருக்கும் அன்று சொற்பச் சம்பளம். அவர் காலராவில் போய்விட்டால் மனைவியும் பிள்ளைகளும் தெருவில் நிற்க வேண்டியதுதான். உயிரோடு இருக்கும்போதே ஊழியர்கள் தங்கள் சம்பளத்தில் ஒரு பங்கைப் பொது நிதியில் போட்டு, இறந்தவரின் மனைவிக்கு அதிலிருந்து கொடுத்தார்கள். ஆயுள் காப்பீடு என்ற பேச்சு கிராமங்களில் காதில் விழாத காலம் அது. ஒரு கைம்பெண் எழுப்பிய சபை, அரை நூற்றாண்டு கழித்துக் கைம்பெண்களுக்கு ஒரு நிதி ஏற்படுத்தியது. இதைத் தற்செயல் என்று கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை.

எல்லாம் இப்படியே நன்றாக நடந்தது என்று எழுதினால் அது வரலாறு ஆகாது. இரேனியஸ் நடத்திய செமினாரியில் எல்லாச் சாதிப் பையன்களும் ஒன்றாகச் சாப்பிட வேண்டும் என்றார். உயர்சாதிப் பையன்கள் மறுத்தார்கள். அவர் பள்ளியையே மூடினார். ஒன்றாக உண்ணச் சம்மதித்தவர்களோடு மறுபடி திறந்தார். அவருடைய உறுதியைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் அந்தப் பந்திச் சண்டை முடிந்துவிட்டதாக எண்ண வேண்டாம். திருமணப் பேச்சிலும் சபைத் தேர்தலிலும் சாதி இன்றும் உட்கார்ந்திருக்கிறது. பதிவேட்டில் நாற்பது பெயர்களை ஒன்றாக எழுதியவர்களுக்கு இன்றைய சபை கடன்பட்டிருக்கிறது. அந்தக் கடன் இன்னும் அடைபடவில்லை.

பள்ளிகளின் கதை நீளமானது. இரண்டு மூன்றை மட்டும் தொடுகிறேன். 1844 முதல் 1870 வரை பாளையங்கோட்டை ஆங்கிலப் பள்ளியை நடத்திய தலைமையாசிரியர் வில்லியம் குரூக்ஷாங்க் பார்வையற்றவர். மாற்றுத்திறனாளிக்கு ஒரு பணியிடம் கேட்டு இன்றைக்கும் வழக்கு மன்றம் போக வேண்டியிருக்கிறது. அன்று ஓர் ஊர், கண் தெரியாதவரை நம்பித் தன் பிள்ளைகளைக் கால் நூற்றாண்டுக்கு மேல் ஒப்படைத்திருந்தது. சாராள் தக்கர் என்ற பெண்மணி இந்தியாவைப் பார்த்ததே இல்லை. உடல் நலமற்று இங்கிலாந்தில் இருந்தபடியே இந்தியப் பெண் கல்விக்காகப் பணம் சேர்த்தவர். அவர் நினைவாக 1858இல் எழுந்த ஆசிரியப் பயிற்சி நிறுவனம்தான் 1895இல் கல்லூரியாக வளர்ந்தது.

இந்தியாவின் முதல் பார்வையற்றோர் பள்ளி 1887இல் அமிர்தசரஸில் தொடங்கியது. மூன்றே ஆண்டுகளில், 1890இல், பாளையங்கோட்டையில் ஆஸ்க்வித் அம்மையார் பார்வையற்ற பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லித்தரத் தொடங்கினார். தமிழைப் புள்ளிகளில் எழுதும் முறை உருவானதில் அவர் உழைப்பும் உண்டு. அதே பத்தாண்டில் புளோரன்ஸ் சுவென்சன் அம்மையார் காது கேளாத பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டார். முன்வினை என்று சொல்லி மூலையில் உட்கார வைக்கப்பட்டிருந்த பிள்ளைகள் இவர்கள். கோயில் வாசலில் தட்டேந்துவதுதான் விதி என்று இருந்தவர்கள் தறி நெய்தார்கள், பாய் முடைந்தார்கள், தையல் கற்றார்கள். ஒரு சின்ன ஊரில் இந்த இரண்டு பள்ளிகளும் நூறு ஆண்டுகளைக் கடந்தும் நடக்கின்றன. பாளையங்கோட்டையைத் தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டு என்று கல்லூரிகளை வைத்துச் சொல்கிறார்கள். இந்த இரண்டு பள்ளிகளை வைத்துச் சொன்னால் இன்னும் பொருத்தம் என்பேன்.

திருநெல்வேலிச் சபையில் வளர்ந்த அசரியாவும் அவருடைய நண்பர்களும் 1903இல் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கினார்கள். ஆட்கள், பணம், நிர்வாகம் மூன்றும் இந்தியருடையதாக இருக்க வேண்டும் என்பது அதன் கொள்கை. தெலுங்கு நாட்டின் தோர்ணக்கல்லுக்கு ஊழியர்களை அனுப்பியது திருநெல்வேலிச் சபையாரின் காசு. நூறு ஆண்டுகளாகக் கொடுத்துப் பழகிய கைகள் அவை. தோர்ணக்கல் கதையை அடுத்த வாரம் பார்ப்போம்.

அதற்கு முன் வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். தரும சங்கம், கைம்பெண்கள் நிதி, கைப்பிடி அரிசி ஆகியவற்றின் பழைய கணக்கு நோட்டுகள் இன்னும் சில ஊர்க் கோயில் பெட்டிகளில் கிடக்கலாம். மிஷனெரிகளின் கடிதங்கள் இலண்டனிலும் பர்மிங்காமிலும் பத்திரமாக இருக்கின்றன. நம் பாட்டிமார்கள் கொடுத்த அரையணாவுக்கும் காலணாவுக்கும் அந்த நோட்டுகளைத் தவிர வேறு சாட்சி இல்லை. உங்கள் ஊரில் அப்படி ஒன்று இருந்தால், கரையான் அரிப்பதற்கு முன் நகலெடுத்து வையுங்கள்.