நெஞ்சு எக்ஸ்ரேயில் ஒரு நிழல்... நீர்க்கட்டியா, சதைக்கட்டியா? எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

வேலையில் சேர மருத்துவப் பரிசோதனை. இருமல் இல்லை, வலி இல்லை. ஆனால் நெஞ்சு எக்ஸ்ரேயில் ஏதோ ஒரு நிழல்.

"ஐயோ, புற்றுநோயா?" மனம் முதலில் அங்கேதான் ஓடும்.

கொஞ்சம் பொறுங்க. அது வெறும் நீர் நிறைந்த பையாகவும் இருக்கலாம். அதுதான் நீர்க்கட்டி. பல நீர்க்கட்டிகள் பிறவியிலேயே உருவானவை.

எக்ஸ்ரே மட்டும் போதாதா?

போதாது. எக்ஸ்ரேயில் நீரும் சதையும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் தெரியும். நிழல் இருப்பதைக் காட்டும். உள்ளே என்ன இருக்கிறது என்பதைக் காட்டாது.

இடமே ஒரு துப்பு

இரு நுரையீரல்களுக்கும் நடுவே கட்டி எங்கே இருக்கிறது என்று மருத்துவர்கள் பார்ப்பார்கள்.

- முன்பக்கம்: தைமஸ் சுரப்பி நீர்க்கட்டியாக இருக்கலாம்
- மூச்சுக்குழாய் இரண்டாகப் பிரியும் இடத்துக்கு அருகே: மூச்சுக்குழாய் நீர்க்கட்டி
- இதயமும் உதரவிதானமும் சந்திக்கும் மூலையில், பெரும்பாலும் வலப்பக்கம்: இதய உறை நீர்க்கட்டி
- உணவுக்குழாயை ஒட்டி: உணவுக்குழாய் நீர்க்கட்டி

சிடி ஸ்கேன் தரும் எண்

சிடி ஸ்கேன் அடர்த்தியை 'ஹவுன்ஸ்ஃபீல்ட்' அளவில் சொல்லும். நீர் 0, காற்று -1,000. கட்டியின் எண் 0 முதல் 20 வரை இருந்து, சுவரும் மெல்லியதாக இருந்தால், அது பெரும்பாலும் நீர்க்கட்டிதான். எண் அதைவிடக் கீழே இறங்கிக் கொழுப்பைக் காட்டினால், 'டெரட்டோமா' எனும் வேறு வகைக் கட்டியாக இருக்கலாம்.

ஏமாற்றும் நீர்க்கட்டி

இங்கேதான் சிக்கல். கட்டிக்குள் புரதமோ ரத்தமோ கலந்திருந்தால் எண் ஏறிவிடும். நீர்க்கட்டியே சதைக்கட்டிபோல் தெரியும். அதை நம்பி, தேவையில்லாத அறுவைச் சிகிச்சைவரை போக வாய்ப்புண்டு.

அப்போது கைகொடுப்பது எம்ஆர்ஐ. அதன் 'டி2' படத்தில் நீர் பளிச்சென வெள்ளையாகத் தெரியும். பிறகு, நரம்பு வழியாகச் சாய மருந்து செலுத்தி மீண்டும் படமெடுப்பார்கள். நீர்க்கட்டிக்குள் ரத்த ஓட்டம் இல்லை. அதனால் மருந்து உள்ளே போகாது, உட்பகுதி ஒளிராது. சதைக்கட்டி என்றால் ஒளிரும்.

எப்போது கவலைப்பட வேண்டும்?

சுவர் தடித்திருந்தால், உள்ளே ஒளிரும் சிறு முடிச்சுகள் இருந்தால் கவனம் தேவை. சில புற்றுக்கட்டிகளுக்குள்ளும் நீர்ப்பகுதிகள் இருக்கும். சாதாரண நீர்க்கட்டியும் பெரிதாகி அழுத்தினால் இருமல், மூச்சுத்திணறல், விழுங்குவதில் சிரமம் வரலாம்.

ஸ்கேன் அறிக்கை கைக்கு வந்ததும் இணையத்தில் தேடிப் பயப்பட வேண்டாம். மருத்துவரிடம் நேரடியாகக் கேளுங்க: "உள்ளே இருப்பது நீர்தானா? எம்ஆர்ஐ எடுத்தால் உறுதியாகுமா?"