வயதெல்லை 21: கிள்ளான் கள்ளுக்கடை முதல் பிரிக்பீல்ட்ஸ் மளிகைக்கடை வரை

மலேசியாவில் 2017 டிசம்பர் 1 முதல் 21 வயது நிறையாதவருக்கு மது விற்பது குற்றம். அதற்கு முன்பு அந்த எல்லை 18 ஆக இருந்தது. இதற்கெனத் தனிச் சட்டம் ஏதும் இயற்றப்படவில்லை. 1983ஆம் ஆண்டு உணவுச் சட்டத்தின் கீழ் வரும் 1985ஆம் ஆண்டு உணவு விதிமுறைகளைச் சுகாதார அமைச்சு 2016இல் திருத்தியது. வணிகர்களுக்கு அவகாசம் தந்து, அடுத்த ஆண்டு இறுதியில் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அன்றுதொட்டு இந்த எல்லை இரு பக்கமும் இழுபடுகிறது. வாக்களிக்கும் வயது 18 ஆனபின் மது வாங்கும் வயதுக்கு மட்டும் ஏன் 21 என்பது ஒரு தரப்பின் கேள்வி. 21 போதாது, இன்னும் உயர்த்துங்கள் என்பது மறுதரப்பின் குரல். எல்லை 21இலேயே நிற்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நிலைப்பாடு. அதைக் காக்கும் பொறுப்பு கடைக்காரரையும் கடைக்கு உரிமம் தரும் அதிகாரத்தையும் சேர்ந்தது என்பதை, இம்மண்ணின் தமிழ்த் தொழிலாளர் வரலாற்றைக் கொண்டே நிறுவ முயல்கிறேன்.

முதலில் சட்டம் யாரைக் கட்டுப்படுத்துகிறது என்று பார்க்க வேண்டும். இவ்விதி விற்பவரையே குறிவைக்கிறது. பத்தொன்பது வயது இளைஞன் ஒருவன் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸின் துன் சம்பந்தன் சாலைக் கடையொன்றில் பியர் வாங்கினால், குற்றம் செய்தவர் அடையாள அட்டையைக் கேட்காமல் விற்ற கடைக்காரரே. பொது விவாதத்தில் இந்த வேறுபாடு அடிக்கடி மறைந்துபோகிறது. இளைஞரைக் குற்றவாளியாக்கும் சட்டம் என்று எதிர்ப்போரும், இளைஞரை அடக்கும் சட்டம் என்று வரவேற்போரும் ஒரே தவற்றைத்தான் செய்கிறார்கள்.

இந்த வேறுபாட்டை மனத்தில் கொண்டு வாக்குரிமை வாதத்தை எடைபோடலாம். அது எளிதில் ஒதுக்கக்கூடிய வாதமன்று. 1971ஆம் ஆண்டுச் சட்டப்படி 18 வயதில் ஒருவர் முழு வயதடைகிறார். வாக்களிக்கும் வயதைக் குறைக்கும் அரசியலமைப்புத் திருத்தம் 2019 ஜூலையில் மக்களவையில் நிறைவேறி, 2021 டிசம்பர் 15இல் நடப்புக்கு வந்தது. 2022 நவம்பரில் நடந்த 15ஆவது பொதுத்தேர்தலே பதினெட்டு வயதினர் வாக்களித்த முதல் பொதுத்தேர்தல். அரசைத் தேர்ந்தெடுக்கத் தகுதியுள்ளவருக்கு ஒரு போத்தலைத் தேர்ந்தெடுக்கத் தகுதியில்லையா?

இரண்டையும் ஒரே தட்டில் வைப்பதில்தான் பிழை இருக்கிறது. வாக்கு மறுக்கப்பட்டால் ஒருவர் தம் குரலையே இழக்கிறார். அவருக்காக வேறு எவரும் பேச முடியாது. மது வாங்குவது மூன்றாண்டு தள்ளிப்போனால் அவர் இழப்பது ஒரு நுகர்வை மட்டுமே, அதற்காக அவர்மீது தண்டனையும் இல்லை. இந்தத் தாமதத்தால் கிடைக்கும் நன்மையோ அளந்து காட்டப்பட்டது. அமெரிக்காவில் 1984ஆம் ஆண்டின் கூட்டரசுச் சட்டத்துக்குப் பிறகு 1988க்குள் எல்லா மாநிலங்களும் 21க்கு வந்தன. இளம் ஓட்டுநர்களின் சாலை மரணங்கள் அதனால் குறைந்தன என்பது திரும்பத் திரும்பக் காட்டப்பட்ட முடிவு. நியூசிலாந்து எதிர்த்திசையில் சென்று, 1999இல் எல்லையை 20இலிருந்து 18க்குக் குறைத்தது. அதன்பின் பதின்ம வயதினரிடையே விபத்துக் காயங்கள் கூடியதை அந்நாட்டு ஆய்வாளர்களே பதிவு செய்தனர். சட்டம் நேரடியாகத் தொடாத 15, 16, 17 வயதினரும் அதில் அடங்குவர். பதினெட்டு வயதினர் வாங்க முடிந்தால், அவர்களின் தம்பி தங்கைகள் கைக்கும் அது வந்து சேர்கிறது. இந்தத் தம்பி தங்கைகளை நினைத்துத்தான் நான் 21இல் உறுதியாக நிற்கிறேன்.

மலேசியாவில் இந்த விவாதம் இன்னொரு திரைக்குப் பின்னாலும் நடக்கிறது. மதுமீது வரும் எந்தக் கட்டுப்பாடும், முஸ்லிம் பெரும்பான்மையின் சமய ஒழுக்கம் மற்றவர்மீது ஏற்றப்படுவதாகவே முதலில் பார்க்கப்படுகிறது. கோலாலம்பூர் மாநகர் மன்றம் 2020 நவம்பரில் புதிய வழிகாட்டியை அறிவித்தது. மளிகைக் கடைகள், 24 மணி நேரக் கடைகள், சீன மருந்துக் கடைகள் ஆகியவற்றில் கடுமது விற்க அது தடை விதித்தது. பியர் விற்பனையைக் காலை 7 மணி முதல் இரவு 9 மணி வரை என வரையறுத்தது. அப்போது எழுந்த எதிர்ப்பில் இந்த ஐயமே மேலோங்கியிருந்தது. சிறுபான்மையினரின் அச்சத்துக்குக் காரணங்கள் உண்டு. அவற்றை நான் மறுக்கவில்லை. ஆனால் தமிழராகிய நாம் அந்த ஐயத்தை அப்படியே இரவல் வாங்கத் தேவையில்லை. இந்த நாட்டில் மதுக்கடையை மூடு என்று முதலில் கேட்டவர்களுள் நம் தோட்டப் பாட்டன்மார் முன்வரிசையில் நிற்கிறார்கள்.

ரப்பர் தோட்டங்களில் கள்ளுக்கடை தொழிலாளி தேடிப் போன இடமாக இருக்கவில்லை. அவன் குடியிருப்பின் அருகிலேயே அது நின்றது. தோட்ட நிர்வாகம் உரிமம் பெற்று நடத்திய கடைகள் இருந்தன, நகரங்களில் அரசே நடத்திய கடைகளும் இருந்தன. கடையின் இலாபம் தொழிலாளர் நலனுக்கே செலவாகிறது என்று சொல்லப்பட்டது. அவனுடைய கூலியிலிருந்து அவனுக்கே நன்கொடை! 1929 டிசம்பரில் மலாயா வந்த பெரியார் குடியையும் எதிர்த்துப் பேசினார். அவர் வருகையால் ஊக்கம் பெற்ற சீர்திருத்தச் சங்கங்கள் அந்தப் பேச்சைத் தொடர்ந்தன.

1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வெடித்த வேலைநிறுத்தம் இந்த வரலாற்றின் உச்சம். கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தின் ஆர். எச். நாதனும் ஒய். கே. மேனனும் அதை முன்னின்று நடத்தினார்கள். சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி, பிள்ளைகளுக்குக் கல்வி, முறையான மருத்துவம், பெண்களைத் துன்புறுத்துவதற்கு முடிவு, வெள்ளைத் துரையின் முன்னால் சைக்கிளிலிருந்து இறங்காமல் போகும் உரிமை ஆகியவற்றைத் தொழிலாளர் கேட்டனர். அதே பட்டியலில் கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதும் இருந்தது. மே மாதம் நாதன் கைது செய்யப்பட்டுப் பின்னர் நாடு கடத்தப்பட்டார். படைகள் வரவழைக்கப்பட்டன, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் உயிரிழந்தனர். போருக்குப் பின் கெடாவில் எழுந்த தொண்டர் படை அதே கோரிக்கையைக் கையிலெடுத்தது. 1947இல் பீடோங் பகுதியில் கள்ளுக்கடை எதிர்ப்பு காவல் துறையோடு மோதலாக முற்றியது.

அந்தக் கோரிக்கையின் இடத்தைக் கவனிக்க வேண்டும். கூலிக்கும் கல்விக்கும் சைக்கிளுக்கும் நடுவே அது நிற்கிறது. குடிப்பவனைத் திருத்துங்கள் என்று அவர்கள் கேட்கவில்லை, கடையை மூடுங்கள் என்றார்கள். வேலை கொடுப்பவனே மதுவையும் விற்கும் ஏற்பாட்டில், குடி என்பது தனிமனிதனின் பலவீனம் மட்டுமாக இருக்க முடியாது என்பதை அவர்கள் தங்கள் வாழ்விலிருந்தே அறிந்திருந்தார்கள். பொறுப்பை விற்பவர்மீது சுமத்தும் 2017ஆம் ஆண்டு விதி, அறிந்தோ அறியாமலோ, அந்தப் பார்வைக்கு மிக அருகில் நிற்கிறது.

தோட்டங்கள் துண்டாடப்பட்ட பிறகு பல குடும்பங்கள் கிள்ளான் பள்ளத்தாக்கின் மலிவு அடுக்குமாடிகளுக்கு வந்துசேர்ந்தன. கள்ளின் இடத்தை ஏற்கெனவே சம்சு என்னும் மலிவுச் சாராயம் பிடித்திருந்தது. இன்று நாம் மலிவு மது என்று சொல்லும் கலப்புக் கடுமது அதன் வாரிசு. பினாங்கு பயனீட்டாளர் சங்கம் பல்லாண்டுகளாக இதை எதிர்த்து இயக்கம் நடத்திவந்தது. வயதெல்லையை உயர்த்திய அதே திருத்தத்தில் அதிகம் பேசப்படாத இன்னொரு விதியும் வந்தது. கலப்புக் கடுமதுவை 700 மில்லிலிட்டருக்குக் குறைந்த போத்தலில் விற்கக்கூடாது என்பதே அது. சட்டைப்பைக்குள் அடங்கும் சிறிய போத்தலே பள்ளிச் சிறுவனுக்கும் அன்றாடக் கூலிக்காரருக்கும் எட்டும் விலையில் இருந்தது. என் கணிப்பில், இளையோரைக் காப்பதில் இந்தப் போத்தல் விதி வயது விதிக்குச் சற்றும் குறைந்ததன்று.

உயர்த்தச் சொல்வோருக்கும் பதில் சொல்ல வேண்டும். கேரளம் எல்லையை 23க்கு உயர்த்தியது. டில்லியில் 25 என்ற எல்லை நெடுங்காலம் சட்டத்தில் இருந்தும், கடை வாசலில் அதற்கு மதிப்பு இல்லை. தமிழ்நாட்டில் எல்லை 21தான்; ஆனால் 2003 முதல் சில்லறை விற்பனையை அரசு நிறுவனமான டாஸ்மாக்கே நடத்துகிறது. விற்று வருவாய் ஈட்டும் கையே வயதையும் சோதிக்க வேண்டிய நிலை, பழைய தோட்டக் கள்ளுக்கடையைத்தான் நினைவூட்டுகிறது. இலங்கை 2006ஆம் ஆண்டுச் சட்டத்தால் 21ஐ ஏற்று, புகையிலைக்கும் மதுவுக்கும் சேர்த்து ஓர் அதிகார சபையையும் அமைத்தது. எண்ணை உயர்த்துவது எளிது. சோதிப்பவர் ஒருவரை நியமிப்பதற்குத்தான் பணமும் மனமும் வேண்டும்.

கிள்ளான் பள்ளத்தாக்கில் எண்ணுக்கும் சோதனைக்கும் இடையிலான இந்த இடைவெளி கண்கூடு. வயதெல்லை நாடு முழுவதற்கும் ஒன்று. கடைக்கான விதிகளோ ஊருக்கு ஊர் வேறு. மாநகர் மன்றத்தின் வழிகாட்டி பிரிக்பீல்ட்ஸைக் கட்டுப்படுத்தும். கேஎல் சென்ட்ரலில் கொமுட்டர் ரயில் ஏறி கிள்ளானில் இறங்கினால் அது வேறு ஊராட்சி, வேறு உரிம நடைமுறை. வயது விதியை அமலாக்குவது சுகாதார அமைச்சு, உரிமம் தருவது வேறு அமைப்பு, கள்ள மதுவைப் பிடிப்பது சுங்கத் துறை. 2018 செப்டம்பரில் மெத்தனால் கலந்த மது கிள்ளான் பள்ளத்தாக்கில் முப்பதுக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. அவர்களில் பெரும்பாலோர் அயல்நாட்டுத் தொழிலாளர்கள். வரி உயர உயர கள்ள மது பெருகும் என்று விற்பனையாளர்கள் எச்சரிப்பதில் உண்மை இருக்கிறது. அதற்கு மருந்து சுங்கச் சோதனையே. வயதைக் குறைப்பதோ போத்தலைச் சிறிதாக்குவதோ அதற்கு விடையாகாது.

மது அருந்திவிட்டு வண்டியோட்டுவோர் விஷயத்தில் இந்த நாடு தன் உறுதியைக் காட்டியிருக்கிறது. 2020 அக்டோபரில் நடப்புக்கு வந்த சாலைப் போக்குவரத்துச் சட்டத் திருத்தம், இரத்தத்தில் அனுமதிக்கப்பட்ட ஆல்கஹால் அளவை 100 மில்லிலிட்டருக்கு 80 மில்லிகிராமிலிருந்து 50க்குக் குறைத்தது. போதையில் வண்டியோட்டி மரணம் விளைவித்தால் 10 முதல் 15 ஆண்டு வரை சிறை என்றது. சாலையில் ஊதிப் பார்க்கும் கருவியோடு காவலர் நிற்பதால் அந்தச் சட்டத்தை ஓட்டுநர் உணர்கிறார். கடையின் கல்லாவருகே அப்படி யாரும் நிற்பதில்லை.

எனவே 21 என்ற எல்லை அப்படியே இருக்கட்டும். விதியை மீறிய கடையின் உரிமம் அடுத்த ஆண்டு புதுப்பிக்கப்படக்கூடாது. அதற்குச் சுகாதார அமைச்சின் வழக்குப் பதிவு உரிமம் தரும் வாரியத்தின் மேசைக்குத் தானாகச் செல்லும் ஏற்பாடு வேண்டும். 2017 டிசம்பர் முதல் 21 வயதுக்குட்பட்டோருக்கு விற்றதற்காக எத்தனை கடைகள் சோதிக்கப்பட்டன, எத்தனை தண்டிக்கப்பட்டன என்ற கணக்கை ஊராட்சி வாரியாக அமைச்சு ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் உள்ள தமிழ் அமைப்புகள் தங்கள் நாடாளுமன்ற உறுப்பினரிடம் முதலில் கேட்க வேண்டியது இந்தக் கணக்கைத்தான்.