சித்தியோட விரலும் என்னோட டிக் மார்க்கும்

ரொம்ப நாளா எழுதணும்னு நெனச்ச விஷயம் மக்களே. சாஃப்ட்வேர்ல ஆப்ஷன்களைக் குறைக்கணுமா, வேண்டாமா?

குறைக்கச் சொல்ற கட்சிக்கு நியாயம் உண்டு. ஆன்/ஆஃப் ஆப்ஷன் பத்து இருந்தா 1024 விதமா டெஸ்ட் பண்ணணும். 2002-ல க்னோம் 2 வந்தப்போ இந்தக் காரணத்துக்காகவே நிறைய ஆப்ஷனைத் தூக்கினாங்க. 2005-ல லினஸ் டோர்வால்ட்ஸ் கடுப்பாகி, எல்லாரும் கேடிஈக்குப் போங்கன்னார். நம்ம கதை அதுக்கும் முந்தியது.

விண்டோஸ் 2000-ல தமிழ் வந்தப்போ கூட வந்த விசைப்பலகை இன்ஸ்கிரிப்ட் ஒண்ணுதான். இந்திய மொழிகள் எல்லாத்துக்கும் ஒரே அமைப்பு. இந்தி 'க' இருக்கிற இடத்துலதான் தமிழ் 'க'வும். கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா தமிழ்நாட்டு விரல்கள் பழகினது டைப்ரைட்டர்ல. அதுல 'கொ' அடிக்க முதல்ல கொம்பு, அப்புறம் க, அப்புறம் கால். பார்க்கிற வரிசையிலேயே அடிக்கிறது. 1999-ல தமிழக அரசு ஏத்துக்கிட்ட தமிழ்99-ல க, ஒ ரெண்டே தட்டு. 'க'வை ரெண்டு தடவை தட்டினா புள்ளி தானா விழுந்து 'க்க' ஆயிடும். பொறியாளன் மனசுக்கு இதுதான் அழகு.

அந்த அழகுல மயங்கித்தான் 2017-ல நான் தப்பு பண்ணேன். பாளையங்கோட்டையில சித்தி பத்திரம் டைப் பண்ணிக் குடுக்கிறவங்க, பக்கத்துக்கு இவ்வளவுன்னு கூலி. தமிழ் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ். புது கம்ப்யூட்டர்ல என்.எச்.எம். ரைட்டர் போட்டு, "குழப்பம் எதுக்கு"ன்னு தமிழ்99 தவிர மத்த எல்லா டிக்கையும் எடுத்துட்டு காலேஜுக்குப் போயிட்டேன்.

மறுநாள் போன். "ஏல, என்னத்தல பண்ணி வச்ச? கொம்பு எங்கல? ஆளு நிக்காருல!" எழுத்து எழுத்தாத் தேடி அரைப் பக்கம் அடிக்கறதுக்குள்ள அந்த ஆள் பக்கத்துக் கடைக்குப் போயிட்டார். அன்னைக்குக் கூலி போச்சு.

சித்திக்கு அது 'ஆப்ஷன்' இல்ல, முப்பது வருஷக் கை. யாரும் தொடாத வசதியைத் தாராளமா எடுக்கலாம். ஒருத்தர் கையில ஊறினதை எடுக்க, தமிழ்99 சிறந்ததுங்கிற காரணம் போதாது. இத்தனைக்கும் அது சிறந்ததுன்னுதான் இப்பவும் சொல்லுவேன்.

போன்லயே சொல்லி டிக்கைத் திரும்பப் போட வச்சேன். அப்புறம் கடையில வேலைக்கு வந்த பொண்ணு தமிழ்99 படிச்சவ. அவ உட்கார்ந்தா ஆல்ட்+1, சித்தி உட்கார்ந்தா ஆல்ட்+3. மெஷின் ஒண்ணுதான்.