இரண்டு இடங்களும் ஓர் அமைச்சும்

மலாயாக் கூட்டரசின் முதற் பொதுத் தேர்தல் 1955 ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 27 ஆம் நாள் நடைபெற்றது. இடங்கள் 52. அவற்றுள் 51 கூட்டணிக்குக் கிடைத்தன. கூட்டணி நிறுத்திய வேட்பாளருள் அம்னோவினர் 35 பேர். மலாயாச் சீனர் சங்கத்தார் 15 பேர். மலாயா இந்தியர் காங்கிரசார் 2 பேர். இந்த இரண்டு என்னும் எண்ணைச் சொல்லியே ம.இ.கா.வைப் பழிப்பது பின்னாளில் வழக்காயிற்று.

பழிப்பதன் முன் வாக்காளர் பட்டியலை நோக்குதல் வேண்டும். பதிவு பெற்ற ஏறத்தாழ 12,80,000 பேரில் நூற்றுக்கு 84 பேர் மலாய்க்காரர். 11 பேர் சீனர். இந்தியரோ ஐவருக்கும் குறைவு. மக்கட்டொகையில் பத்தில் ஒரு பங்கினராயிருந்தும் இந்தியர் பட்டியலில் இத்துணைச் சிறுத்துப் போனதற்குக் காரணம், அவருட் பெரும்பாலோர்க்குக் குடியுரிமை இல்லாமையே. ஆகவே இரண்டு இடங்கள் என்பது கூட்டாளி செய்த வஞ்சகம் அன்று, கணக்கு.

மற்றொன்றும் உண்டு. 1946 இல் ஜான் திவியின் தலைமையில் தோன்றிய இக்கட்சி, இனங்கடந்த அரசியலை நம்பி, 1952 இல் கோலாலம்பூர் நகராட்சித் தேர்தலின்போது டத்தோ ஓன் ஜாபாரின் மலாயா சுதந்திரக் கட்சியின் பக்கம் நின்றது. அம்னோவும் சீனர் சங்கமும் சேர்ந்து 12 இடங்களில் 9 ஐ வென்றன. ம.இ.கா. கூட்டணியை அடைந்தது 1954 இல். பந்திக்கு முந்த வேண்டும் என்பார்கள். பிந்தி வந்தவர் இலையில் விழுந்தது எவ்வளவு என்பதை நாம் கண்டோம்.

1955 இல் கே. எல். தேவாசருக்குப் பின் வீ. தி. சம்பந்தன் தலைவரானார். அடுத்த ஆண்டு ரீட் ஆணைக்குழுவின் முன் கூட்டணி ஒரே விண்ணப்பமாகப் பேசியது. அதன் உள்ளே நிகழ்ந்த கொடுக்கல் வாங்கல் இதுதான்: விடுதலை நாளன்றும் அதன் பின்னும் இந்நாட்டிற் பிறப்போர்க்குப் பிறப்பினாற் குடியுரிமை, மலாய்க்காரர்க்குச் சிறப்பு நிலை. முன்னரே பிறந்தவரும் கப்பலேறி வந்தவரும் விண்ணப்பித்தே பெற வேண்டியவராயினர். தோட்டப் பாட்டாளிக்கு விண்ணப்பத்தாள், பிறப்புச் சான்று, மொழித் தேர்வு என்பன எளியனவல்ல. கடமை முடிந்ததாகத் தலைவர்கள் கருதினர். நெல்லுக்கு இறைத்த நீர் வாய்க்காலிலேயே நின்றுவிட்டது.

சம்பந்தனார் வாளாவிருந்தார் என்பது முறையன்று. வெள்ளையர் தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டபோது, 1960 இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவி, தொழிலாளரின் சிறு சேமிப்பைக் கொண்டே தோட்டம் வாங்கச் செய்தார். எனினும் துண்டாடலைத் தடுக்கும் சட்டம் கேட்டுப் பெறுவது வேறு, சங்கம் அமைப்பது வேறு. முன்னதற்கு அமைச்சரவையில் வலிமை வேண்டும். 1961 ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்திலும் இதுவே நிகழ்ந்தது. தமிழ் ஆரம்பப் பள்ளிகள் நிலைத்தன. தமிழை வழியாகக் கொண்ட இடைநிலைப் பள்ளிக்கு இடமில்லை. ஆசிரியர்கள் இதை மறந்தவரல்லர்.

மிகக் கசப்பானது 1968 இன் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம். குடியுரிமை இல்லாதவர் பல தொழில்களில் அமர அனுமதிச் சீட்டுப் பெற வேண்டும் என்றது அச்சட்டம். சிவப்பு அடையாள அட்டையோடு தலைமுறையாகப் பால் மரம் வெட்டியவர், ஒரே நாளில் அயலார் ஆயினர். 1969 மே நிகழ்ச்சிகளுக்குப் பின் அது கடுமையாக நடைமுறைக்கு வர, ஏறத்தாழ 60,000 பேர் தமிழகம் திரும்பினர் என்பது பலரும் கூறும் கணக்கு. அப்போது தொழில் அமைச்சர் யார்? கிள்ளான் தொகுதியிலிருந்து சென்ற ம.இ.கா.வின் வீ. மாணிக்கவாசகமே. 1957 இன் இணக்கத்துக்கு வாக்காளர் பட்டியலைக் காரணம் காட்டலாம். 1968 க்கு அது போதாது. எந்தத் துறை நம்மவர் கையில் இருந்ததோ அந்தத் துறையின் முத்திரையோடுதான் ஓலை வந்தது.

இலங்கையில் இதனை ஒத்ததொன்று முன்னரே நிகழ்ந்திருந்தது. 1948 இல் ஜி. ஜி. பொன்னம்பலம் சேனநாயக்காவின் அமைச்சரவையிற் சேர்ந்தார். மலைநாட்டுத் தமிழரின் குடியுரிமை பறிபோன வேளை அது. அதனைப் பொறாத செல்வநாயகம் பிரிந்து 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைக் கண்டார். மலேசியாவில் வெளியேறிக் கட்சி காண்பதற்கு வேண்டிய தமிழ் நிலப்பரப்பு இல்லை. எந்தத் தொகுதியிலும் இந்தியர் பெரும்பான்மையர் அல்லர். இவ்வேறுபாட்டைக் கருதாது இருநாட்டுத் தலைவர்களையும் ஒப்பிடுவோர் பிழைபடுவர்.

1973 இல் ம.இ.கா.வின் உட்பூசலில் பிரதமர் துன் ரசாக் தலையிட, சம்பந்தன் விலகினார், மாணிக்கவாசகம் தலைவரானார். அதே ஆண்டுகளில் பெட்டாலிங் ஜெயாவை அடுத்த சுங்கை வேயில் தடையிலா வணிக வளாகம் எழுந்து, மின்னணு ஆலைகள் ஆள் எடுக்கத் தொடங்கின. தோட்டத்தை விட்டு வந்த பிள்ளைகள் அவற்றின் வாயிலில் நின்றனர். உள்ளே செல்வதற்கு முதலிற் காட்ட வேண்டியிருந்தது, அட்டையின் நிறம்.