வன்னிக்கு வந்த கார்ட்டூனும் சித்திரக்கதையும்

தொலைக்காட்சியில் கார்ட்டூன் தொடர் ஓடும். அதன் பாத்திரங்களை வைத்துச் சித்திரக்கதைப் புத்தகம் வெளிவரும். பார்த்தவரும் படித்தவரும் ஆண்டுக்கொரு முறை ஒரு மண்டபத்தில் கூடுவர். அமெரிக்காவிலும் ஜப்பானிலும் இந்த மூன்றும் ஒரே மொழியில், ஒன்றையொன்று தாங்கி வளர்ந்தன. வவுனியாவிலும் அதற்கு வடக்கே கிளிநொச்சி, முல்லைத்தீவு வரை பரந்த வன்னிப் பெருநிலத்திலும் கதை வேறு. சித்திரக்கதை சிவகாசியிலிருந்து தமிழில் வந்தது. கார்ட்டூன் கொழும்பிலிருந்து சிங்களத்தில் வந்தது. ரசிகர் விழா கொழும்பில், பெரும்பாலும் ஆங்கிலத்தில் நடந்தது. இவற்றுக்கு நடுவே போர் கிடந்தது.

ரசிகர் விழாக்களில் மிகப் பெயர் பெற்ற சான் டியாகோ கொமிக் கொன் 1970இல் ஒரு ஹோட்டலில் சிறிய அளவில் தொடங்கியது. டோக்கியோவின் கொமிக்கெட் 1975 டிசம்பரில் தொடங்கியது. ரசிகர்கள் தாமே வரைந்து அச்சிட்ட சித்திரக்கதைகளை விற்கும் சந்தை அது. திரைக்கும் புத்தகத்துக்கும் இடையிலான போக்குவரத்துக்கு ஹார்லி க்வின் நல்ல சான்று. 1992இல் பேட்மேன் கார்ட்டூன் தொடருக்காகவே உருவாக்கப்பட்ட துணைப் பாத்திரம் அவள். அவளைப் படைத்த பால் டினியும் புரூஸ் டிம்மும் 1994இல் அவளுக்கென்று ஒரு சித்திரக்கதை எழுதினர். 1999இல் பேட்மேனின் மூலச் சித்திரக்கதை உலகிலேயே அவளுக்கு இடம் கிடைத்தது. இன்று எந்த நாட்டு கொமிக் கொன்னிலும் அவளைப்போல் வேடமிட்டு வரும் பெண்களைக் காணலாம். திரையில் பிறந்த ஒருத்தி தாளுக்கு வந்து, பிறகு மனிதர் உடலேறி நடமாடுவதற்குத் திரையும் தாளும் விழாவும் ஒரே சமூகத்துக்குள் இருந்தாக வேண்டும். வன்னியில் இல்லாமற்போனது அந்தச் சேர்க்கைதான்.

இலங்கைத் தமிழருக்குச் சொந்தமான சித்திரக் கேலி மரபு ஒன்று முன்பே இருந்தது. கரவெட்டியில் பிறந்து பம்பாயில் ஓவியம் பயின்ற சி. சிவஞானசுந்தரம், தினகரன் பத்திரிகையில் சவாரித்தம்பர் என்ற கிராமத்து மனிதரைக் கோடுகளில் நடமாட விட்டார். 1964இல் அவர் தொடங்கிய சிரித்திரன் இதழில் சவாரித்தம்பரும் சின்னக்குட்டியும் மிசிஸ் டாமோடிரனும் மைல்வாகனத்தாரும் யாழ்ப்பாணப் பேச்சுத் தமிழில் வாதாடினார்கள். வேட்டி கட்டிய, சுருட்டுப் பிடிக்கிற, ஊர்வம்பு பேசுகிற தமிழர்களே நாயகர்களாக இருந்த சித்திரங்கள் அவை. இலங்கைத் தமிழில் இவ்வளவு காலம் நிலைத்து நின்ற சித்திரப் பாத்திரங்கள் வேறில்லை என்று சொன்னால் மிகையாகாது. ஆனால் அவை பெரியவர்களுக்கான கேலி. சாகசக் கதை தேடிய சிறுவர்கள் தமிழ்நாட்டையே பார்த்தனர்.

1972இல் சிவகாசியில் முத்து காமிக்ஸ் பிறந்தது. அதன் முதல் இதழ் ‘இரும்புக்கை மாயாவி’. 1962இல் ‘வாலியண்ட்’ என்ற ஆங்கில வார இதழில் தொடங்கிய கதை அது. ஆய்வுக்கூட விபத்தில் வலக்கையை இழந்த லூயி கிராண்டேல் இரும்புக் கை பொருத்திக்கொள்கிறான். மின்சாரம் பாய்ந்ததும் அந்தக் கை தவிர உடல் முழுவதும் மறைந்துவிடுகிறது. பிரிட்டனில் மெல்ல மறக்கப்பட்ட இந்தக் கதை தமிழில் மூன்று தலைமுறைச் சிறுவர்களின் சொத்தாகிவிட்டது. ஆனால் முத்து காமிக்ஸ் பிறந்த வேளை இலங்கைக்கு வாய்ப்பாக இல்லை. 1970இல் பதவிக்கு வந்த ஐக்கிய முன்னணி அரசு இந்திய இதழ்களின் இறக்குமதியை இறுக்கியது. உள்ளூர் எழுத்தாளர்களுக்கு அந்தக் கட்டுப்பாடு நன்மை செய்தது. மல்லிகை போன்ற சஞ்சிகைகள் வேரூன்றின. சிறுவர் சித்திரக்கதையில் அந்த வெற்றிடத்தை நிரப்ப அப்படி ஒருவரும் எழவில்லை.

1977க்குப் பின் சந்தை திறந்ததும் நிலைமை தலைகீழானது. 1984இல் தமிழ்நாட்டில் லயன் காமிக்ஸும் ராணி காமிக்ஸும் அடுத்தடுத்துத் தொடங்கின. ஜேம்ஸ் பாண்டும் மாடஸ்டி பிளைசியும் இரும்புக்கை மாயாவியும் கொழும்பு இறக்குமதியாளர்கள் வழியாக வடக்கே வந்தனர். ஒரு பிரதி கடையிலிருந்து வீட்டுக்கு வந்தபின் எத்தனையோ கைகள் மாறும். அட்டை கிழிந்தால் பழைய கலண்டர் தாளில் உறை போடுவார்கள். பத்துப் பன்னிரண்டு இதழ்களைச் சேர்த்துத் தைத்துக் கட்டுவார்கள். ரசிகர் மன்றம் என்று பெயர் இல்லாவிட்டாலும், இரவல் கொடுத்து வாங்கிய இந்த வட்டங்களே வன்னிச் சிறுவர்களின் ரசிகர் கூட்டம்.

ராணி காமிக்ஸில் ‘மாயாவி’ என்ற பெயரில் பெரும்புகழ் பெற்ற முகமூடி வீரர், லீ பால்க் 1936இல் படைத்த ஃபாண்டம். அதே லீ பால்க்கின் மந்திரவாதி மாண்ட்ரேக்கையும் தமிழ் வாசகர் அறிவர். இந்த இருவரையும் ஃப்ளாஷ் கோர்டனோடு சேர்த்து 1986இல் அமெரிக்காவில் ‘டிஃபெண்டர்ஸ் ஒஃப் தி ஏர்த்’ என்ற கார்ட்டூன் தொடர் செய்யப்பட்டது. மறு ஆண்டே மார்வெலின் ஸ்டார் காமிக்ஸ் அந்தத் தொடரை நான்கு இதழ்ச் சித்திரக்கதையாக வெளியிட்டது. செய்தித்தாள் சித்திரத்திலிருந்து தொலைக்காட்சிக்கும், அங்கிருந்து மீண்டும் சித்திரக்கதைக்கும் ஒரே நாயகன் சுற்றிவந்த வட்டம் இது. தமிழ்ப் பிள்ளைகளின் கைக்கு வந்து சேர்ந்தது அந்த வட்டத்தின் முதல் பாதி மட்டுமே.

திரையின் வரலாறு 1982 பெப்ரவரி 15இல் தொடங்குகிறது. ஜப்பானிய உதவியோடு அமைந்த ரூபவாஹினி அன்று ஒளிபரப்பைத் தொடங்கியது. வடக்குக்கான அஞ்சல் நிலையம் மாங்குளத்துக்கும் முறிகண்டிக்கும் இடையே, ஏ9 வீதியோரம், கொக்காவில்லில் நின்றது. காட்டு நடுவே எழுந்த அந்தக் கோபுரத்தால்தான் வன்னி வீடுகளில் படம் தெரிந்தது.

அந்தப் படம் சிங்களம் பேசியது. ‘ரேகாவ’ படத்தின் தொகுப்பாளரும் திரைப்பட இயக்குனருமான டைட்டஸ் தொட்டவத்த, ரூபவாஹினியின் மொழிமாற்றுப் பிரிவைக் கட்டியெழுப்பினார். டாக்டர் டூலிட்டில் கதையை வைத்து அமெரிக்காவில் 1970இல் செய்யப்பட்ட சாதாரணமான கார்ட்டூன் தொடர் ஒன்று, அவர் கையில் ‘தொஸ்தர ஹொந்தஹித’ என்ற பெயரில் ஒரு தலைமுறைச் சிங்களப் பிள்ளைகளின் குழந்தைப் பருவமாகவே மாறியது. அவர் வசனத்தைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தவரல்லர். கிராமத்துச் சிங்களத்தின் சொலவடைகளையும் பாட்டுகளையும் உள்ளே கொண்டுவந்து, அந்த விலங்குகளை இலங்கை விலங்குகளாக்கினார். இலங்கைத் தொலைக்காட்சி கண்ட மிகச் சிறந்த மொழிமாற்றப் பணி இதுவே. அதே நிறுவனத்தில் தமிழுக்கும் இப்படி ஒருவரும் ஒரு பிரிவும் இருந்திருந்தால் வடக்குக்கும் கிழக்குக்கும் மலையகத்துக்கும் எவ்வளவோ கிடைத்திருக்கும். அந்த இழப்பைப் பற்றிப் பேசியவர்கள் மிகச் சிலர். வவுனியா நகரில் தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் அடுத்தடுத்து வாழ்ந்தார்கள். சிங்களம் காதில் விழாத தெரு அங்கு குறைவு. ஆகவே அங்குள்ள தமிழ்ப் பிள்ளைகளுக்குக் கதை ஓரளவு புரிந்தது. முல்லைத்தீவுக் கரையோரப் பிள்ளைக்கு அது அசையும் படம் மட்டுமே. யாழ்ப்பாணக் கரையில் உயர அன்டெனா கட்டியவர்கள் தமிழ்நாட்டுத் தூர்தர்ஷனைப் பிடித்தார்கள்.

1990 நடுப்பகுதியில் எல்லாம் அறுந்தது. ஜூனில் போர் மீண்டும் மூண்டது. ஜூலையில் கொக்காவில் இராணுவ முகாம் வீழ்ந்தது. ரூபவாஹினியின் கோபுரமும் அழிந்தது. வவுனியாவுக்கு வடக்கே தண்டவாளம் இல்லாமற்போய், யாழ்தேவி வவுனியாவோடு நின்றது. வடக்கே தேசிய மின்வலையமைப்பின் மின்சாரம் நின்றது. பொருளாதாரத் தடைப் பட்டியலில் எரிபொருளோடு பற்றரியும் இருந்தது. சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட காலம் அது. பத்திரிகைகள் கோடு போட்ட கொப்பித் தாளில் அச்சாகின. அந்த நிலையில் சிவகாசியிலிருந்து வண்ண அட்டையோடு சித்திரக்கதை வர வழியேது? தொலைக்காட்சிப் பெட்டியும் டெக்கும் ஜெனரேற்றரும் வாடகைக்கு எடுத்து, ஒரு வளவில் ஊரே கூடி இரவிரவாகப் படம் பார்த்த வழக்கம் இருந்தது. அங்கு ஓடியவை பெரும்பாலும் தமிழ்நாட்டுத் திரைப்படங்கள். கார்ட்டூனுக்கு யார் மண்ணெண்ணெய் செலவழிப்பார்?

1995 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்திலிருந்து இலட்சக்கணக்கானோர் இடம்பெயர்ந்தனர்; அவர்களில் பலர் வன்னிக்கு வந்தனர். 1996க்கும் 1998க்கும் இடையே கிளிநொச்சி கைமாறிக்கொண்டே இருந்தது. இடப்பெயர்வின்போது மக்கள் அடையாள அட்டையையும் நகையையும் பாடசாலைச் சான்றிதழையும் எடுத்துக்கொண்டார்கள். தைத்துக் கட்டிய சித்திரக்கதைத் தொகுப்புகள் வீட்டோடு போயின. வடக்கின் சித்திரக்கதைச் சேகரங்களின் அழிவைத் தனியே யாரும் கணக்கெடுத்ததில்லை. வீடுகளின் அழிவுக்குள் அதுவும் அடக்கம். அக்காலத்தில் அரச கட்டுப்பாட்டில் இருந்த வவுனியா நகரம் மட்டுமே வன்னியில் வெளியுலகோடு தொடர்பு அறாத இடம். 1998இல் தொடங்கிய சக்தி ரீவி, அங்கிருந்த வீடுகளுக்குத் தமிழில் முழுநேரத் தொலைக்காட்சி ஒன்றைத் தந்தது.

2002 பெப்ரவரியில் போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தானது. ஏப்ரலில் ஏ9 வீதி திறந்தது. வன்னிக்குள் பொருள்கள் மீண்டும் வந்தன. 2006 ஓகஸ்டில் பாதை மறுபடி மூடப்பட்டது. இதற்கிடையே தமிழ்நாட்டில் ஒரு மாற்றம் நிகழ்ந்தது. 2007இல் சன் குழுமம் சுட்டி ரீவியைத் தொடங்கியது. டோராவும் ஜாக்கி சானும் தமிழ் பேசினார்கள். டிஷ்ஷோ கேபிளோ இருந்த இலங்கைத் தமிழ் வீடுகளில், வாழ்வில் முதல் தடவையாக ஒரு பிள்ளை நாள் முழுதும் தன் மொழியில் கார்ட்டூன் பார்க்க முடிந்தது. அது சென்னைத் தமிழ் என்பது உண்மை; சில வீடுகளில் பிள்ளைகள் ‘அம்மா, வாங்க’ என்று சென்னைத் தொனியில் பேசத் தொடங்கியதைப் பெரியவர்கள் குறையாகச் சொன்னதும் உண்மை. ஆயினும் புரியாத மொழியில் படம் பார்த்த காலத்தோடு ஒப்பிட்டால் இது பெரும் பேறு. வன்னியின் உட்பகுதிப் பிள்ளைகளுக்கு அதுவும் வாய்க்கவில்லை. 2009இல் இறுதிப் போரிலிருந்து தப்பி வந்த கிட்டத்தட்ட மூன்று இலட்சம் பேர் வவுனியா மாவட்டத்து முகாம்களில் அடைக்கப்பட்டனர். அவர்களில் பெரும்பகுதியினர் செட்டிகுளத்துக்கு அருகே மெனிக் பாமில் இருந்தனர். அங்கிருந்த பிள்ளைகளில் பலர் மின்சார வெளிச்சத்தில் படித்தே அறியாதவர்கள்.

போருக்குப் பின் கம்பிகளும் தண்டவாளமும் ஒவ்வொன்றாக மீண்டன. 2011 ஜூனில் கொக்காவில்லில் 174 மீற்றர் உயரப் புதிய கோபுரம் திறக்கப்பட்டது. புகையிரதம் 2013 செப்டெம்பரில் கிளிநொச்சியையும் 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்தையும் அடைந்தது. கார்ட்டூன் பாத்திரங்களும் அதே வழியில் வந்தன, ஆனால் புத்தகமாக வரவில்லை. ஹைதராபாத்தின் கிரீன் கோல்ட் நிறுவனம் 2008இல் தொலைக்காட்சிக்குக் கொண்டுவந்த சோட்டா பீம், இந்தியாவில் சித்திரக்கதைப் புத்தகமாகவும் விற்றது. வவுனியாக் கடைத்தெருவில் அவனையும் டோராவையும் பாடசாலைப் பையிலும் தண்ணீர்ப் போத்தலிலும் கொப்பி அட்டையிலுமே பார்க்க முடிந்தது. தொடரின் வழிவந்த பொருள் எல்லாம் கிடைத்தது. படிப்பதற்கான பொருள் கிடைக்கவில்லை. கார்ட்டூன் தமிழைக் காதுக்குத் தந்ததே தவிர, கண்ணுக்குத் தரவில்லை. வாசிப்பைப் பொறுத்தவரை இது சிறு குறையல்ல: திரையில் பழகிய நாயகன் கையில் இருந்தால், எழுத்துக் கூட்டத் தயங்கும் பிள்ளையும் பக்கத்தைப் புரட்டும்.

ரசிகர் விழா இலங்கைக்கு 2015இல் வந்தது. இலங்கை கீக் கிளப் அவ்வாண்டு கொழும்பில் முதல் லங்கா கொமிக் கொன்னை நடத்தியது. வேடமிட்ட இளைஞர்கள், உள்ளூர் ஓவியர்களின் மேசைகள், ஜப்பானிய அனிமே பொம்மைகள், விளையாட்டுப் போட்டிகள் என்று உலக கொமிக் கொன்களின் அங்கங்கள் அங்கும் இருந்தன. வவுனியாவிலிருந்து கொழும்பு ஏறத்தாழ 250 கிலோமீற்றர். அந்தத் தூரத்தைவிடப் பெரிய தடை மொழி. விழாவின் பேச்சும் புத்தகங்களும் பெரும்பாலும் ஆங்கிலத்தைச் சார்ந்தவை. இரும்புக்கை மாயாவியைக் கொண்டாடிய தமிழ் வாசகனுக்கு அங்கே மேசை இருக்கவில்லை.

அவனுக்கான கூட்டம் தமிழ்நாட்டில் கூடியது. 2012 ஜனவரியில் லயன் காமிக்ஸ் புதிய வடிவில் மீண்டு வந்து சென்னைப் புத்தகக் கண்காட்சியில் கடை போட்டது. பிறகு ஆண்டுதோறும் ஓகஸ்டில் ஈரோடு புத்தகத் திருவிழாவை ஒட்டி லயன்-முத்து வாசகர் சந்திப்பு வழக்கமானது. ஆசிரியர் எஸ். விஜயன் வாசகர்களோடு உட்கார்ந்து அடுத்த ஆண்டுக்கான கதைகளைப் பேசுகிறார். சிறுவயதில் படித்த நடுவயதினர் ஊர் ஊராக வந்து சேர்கிறார்கள். வேடமும் மேடையும் இல்லாமலே ரசிகர் விழாவின் உயிர் அங்கே இருக்கிறது. 2011இல் டில்லியில் தொடங்கிய கொமிக் கொன் இந்தியா, 2024 பெப்ரவரியில் முதல் தடவையாகச் சென்னைக்கும் வந்தது.

வன்னியே ஒரு சித்திரக்கதையானது 2019இல். ஐக்கிய நாடுகள் அமைப்பின் பணியாளராக 2004 முதல் வன்னியில் வேலை செய்து, 2008 செப்டெம்பரில் ஏனைய பணியாளரோடு கிளிநொச்சியை விட்டு வெளியேற நேர்ந்த பெஞ்சமின் டிக்ஸ், ஓவியர் லிண்ட்சே பொல்லொக்குடன் சேர்ந்து ‘வன்னி’ என்ற நூலை ஆங்கிலத்தில் உருவாக்கினார். தப்பியவர்களின் வாக்குமூலங்களை அடித்தளமாகக் கொண்டு, கடலோரக் குடும்பம் ஒன்றின் கதையாக ஆழிப்பேரலையிலிருந்து இறுதிப் போர் வரை அது செல்கிறது. டிக்ஸ் 2012இல் தொடங்கிய பொசிட்டிவ் நெகட்டிவ்ஸ் நிறுவனம் சித்திரக்கதைகளோடு அசைவுப்படங்களும் செய்கிறது.

சிங்களத்திலோ தாளையும் திரையையும் இணைக்கும் சங்கிலி 2023இல் ஒரே மொழிக்குள் முழுமை பெற்றது. கமிலஸ் பெரேரா 1970களில் சித்திரக்கதைப் பத்திரிகைகளில் வரைந்த கஜமன், அவ்வாண்டு முப்பரிமாண அசைவுப்படமாகத் திரையரங்குகளுக்கு வந்தான். அவனுக்கு இணையாகத் தமிழில் இருப்பவர் சவாரித்தம்பர். அவரைப் படைத்த சிவஞானசுந்தரம் 1996இல் காலமானார். சிரித்திரனின் பழைய இதழ்கள் பல, 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகத்தில் பக்கம் பக்கமாகப் படியெடுக்கப்பட்டுள்ளன. வவுனியாவிலிருந்தும் டொரொன்டோவிலிருந்தும் அவற்றை இலவசமாகப் படிக்கலாம்.