கொண்டச்சி: தொழிலிழப்பும் குடும்ப வாழ்வும்

தொழில் என்பது வயிற்றுப்பாட்டுக்கான வழி மட்டுமன்று. யாரோடு சேர்ந்து உழைப்பது, எவ்வீட்டில் சம்பந்தம் செய்வது, மகனுக்கு எதனைப் பயிற்றுவது என்பனவெல்லாம் பெரும்பாலும் தொழிலைச் சார்ந்தே அமைகின்றன. எனவே ஒரு தொழில் அழியுமிடத்து அதனைச் சார்ந்த குடும்பமும் பழைய நிலையில் நிற்றல் இயலாது. இவ்வுண்மையை விளக்குதற்கு மன்னார் மாவட்டத்தின் முசலிப் பகுதியிலுள்ள கொண்டச்சியின் வரலாறு மிகப் பொருத்தமான சான்றாகும்.

கொண்டச்சிக் குடா ஒருகாலத்தில் உலகறிந்த முத்துக்குளிப்புத் துறையாக விளங்கிற்று. 1803இல் வெளிவந்த றொபேட் பேர்சிவலின் இலங்கை பற்றிய நூல், ஆண்டிற் சில வாரங்கள் மட்டும் பல நாட்டவரும் குழுமும் இடமாகவும், ஏனைய காலத்தில் வெறிச்சோடிய கரையாகவும் இதனைக் காட்டுகின்றது. ஆங்கிலேய ஆட்சியின் முதலாவது தேசாதிபதியான பிரெடெரிக் நோர்த் அண்மையிலுள்ள அரிப்பில் கட்டுவித்த மாளிகையின் இடிபாடுகள் அக்காலத்தை இன்றும் நினைவூட்டுகின்றன.

தூத்துக்குடிப் பரதவரும், கீழக்கரை முஸ்லிம்களும், யாழ்ப்பாணத்தவரும், பிற்காலத்தில் அராபியரும் இங்கு வந்து குளித்தனர். குளிப்பவர் கல்லொன்றின் பாரத்தால் கடலடிக்கு இறங்குவார். படகிலிருப்பவர் கயிற்றைப் பிடித்திருந்து உரிய வேளையில் அவரை மேலே இழுப்பார். கயிற்றை மைத்துனன் கையிற் கொடுப்பதே பாதுகாப்பு என்பது முத்துக்குளிப்போரிடை வழங்கிய கருத்து. தன் சகோதரி தாலியிழக்க அவன் ஒருப்படான் என்பதே அதன் உட்பொருள். திருமண உறவு தொழிலிலே உயிர்க்காப்பாக அமைந்த இவ்வழக்கு, தொழிலும் குடும்பமும் எத்துணை இறுகப் பிணைந்திருந்தன என்பதைத் தெளிவாக உணர்த்தும். சுறாக்களின் வாயைக் கட்டுபவர் என நம்பப்பட்ட ‘கடல்கட்டி’களின் பணியும் தந்தைவழி மைந்தர்க்குச் சென்ற குடும்பப் பணியே ஆகும்.

எனினும் இத்தொழில் நிலையற்றது. பருவக்காற்றினாற் பெயரும் மணல் சிப்பிகளை மூடிவிடும். திருக்கை மீன்கள் அவற்றை உண்டழிக்கும். அளவுக்கு மீறிய குளிப்பும் பார்களை வெறுமையாக்கும். 1837க்குப் பின் 1855 வரையும், 1891க்குப் பின் 1903 வரையும் குளிப்பு நடைபெறவில்லை. ஒரு தந்தை முப்பது வயதிற் கைவிட்ட தொழிலை மகன் பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின் பயிலவேண்டிய நிலை அதனால் ஏற்பட்டது. குளிப்போர் கூலிக்கன்றிப் பங்குக்கே உழைத்தனர். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலே சிப்பிகளில் மூன்றிலிரு பங்கு அரசையும் ஒரு பங்கு குளிப்போரையும் சேர்ந்தன. எனவே குளிப்பு நடவாத ஆண்டில் அவர்களுக்குக் கிடைத்தது ஒன்றுமில்லை.

1905ஆம் ஆண்டுக் குளிப்பில் எட்டுக் கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. அரசு ஏறக்குறைய 25 இலட்சம் ரூபா பெற்றது. அடுத்த ஆண்டு, ஆண்டொன்றுக்கு 3,10,000 ரூபா என்னும் வாடகைக்கு இருபது ஆண்டுகளுக்குப் பார்கள் கம்பனியொன்றுக்குக் குத்தகையாகக் கொடுக்கப்பட்டன. ஆனால் 1907ஆம் ஆண்டோடு பார்கள் வெறுமையாயின. அரசின் ஏடுகள் சிப்பிகளைத் தவறாது எண்ணின. வெறுங்கையோடு திரும்பியோரின் வீட்டு அடுப்புகள் அவ்வெண்ணிக்கையுள் அடங்கவில்லை.

ஆயினும் அக்குடும்பங்கள் முற்றாகச் சிதைந்தில. மூச்சடக்கும் வித்தை சங்குக் குளிப்புக்கும் உதவியது. கீழக்கரையிலும் தூத்துக்குடியிலும் அது தொடர்ந்தது. இதனைப் பாரசீகக் குடாவோடு ஒப்பிடலாம். உலகப் பொருளாதார மந்தமும் யப்பானின் வளர்ப்பு முத்தும் 1930களில் அங்கும் குளிப்பை நலிவித்தன. எனினும் 1932இல் பஃறெயினில் எண்ணெய் கண்டறியப்பட்டதால் குளித்தோர்க்கு வேறு தொழில் வாய்த்தது. மன்னார்க் கரையில் அத்தகைய வாய்ப்பு எதுவும் தோன்றவில்லை.

முத்துக்குளிப்பு நின்றபோது வெளியூரவர் வருகை நின்றதேயன்றிக் கொண்டச்சி ஊர் அழியவில்லை. ஊரவரான முஸ்லிம்கள் வயலையும் கடலையும் கால்நடையையும் கொண்டு வாழ்ந்தனர். அவ்வாழ்வுக்கு முடிவு 1990 ஒக்டோபரில் வந்தது. விடுதலைப் புலிகள் வட மாகாண முஸ்லிம்கள் அனைவரையும் வெளியேற்றினர். எழுபதினாயிரத்துக்கு மேற்பட்டோர் உடைமைகளை இழந்து அகதிகளாயினர். மன்னாரவருட் பெரும்பாலோர் புத்தளம், கற்பிட்டிப் பகுதிகளில் ஓலைக் கொட்டில்களில் தஞ்சம் புகுந்தனர்.

முன்னைய இழப்பினும் இது வேறுபட்டதாகும். முன்னர் தொழில் மனிதரை விட்டு நீங்கிற்று. இப்போது மனிதர் தொழிலினின்றும் பிரிக்கப்பட்டனர். கையில் வித்தை இருந்தும் வயலில்லை. கடலிருந்தும் படகும் வலையுமில்லை. சொந்த வயலில் விதைத்தவர் பிறர் தோட்டத்தில் நாட்கூலியாயினர். முன்பு கூலிக்குச் செல்லாத பெண்கள் வெங்காயத் தோட்டங்களுக்குச் சென்றனர். சிலர் வீட்டுப் பணிப்பெண்களாக மத்திய கிழக்குக்கும் சென்றனர். குடும்பத் தலைவன் என்னும் மதிப்பு உழைப்பைச் சார்ந்திருந்தமையால், நிவாரண அரிசி பசியைத் தணித்ததேயன்றி அம்மதிப்பை மீட்டுத் தரவில்லை. சீதனமாகக் கொடுக்கக் காணியில்லாத பெற்றோர்க்குப் புதல்வியரின் திருமணமே பெருங்கவலையாயிற்று. முகாமில் வளர்ந்த புதல்வர் தந்தையின் வயலையும் கடலையும் கதையாகவே அறிந்தனர்.

2009இல் போர் முடிந்தபின் பலர் மீண்டனர். அதற்குள் காணிகளிற் காடு மண்டியிருந்தது. சில இடங்கள் வனத்துக்குரியனவாக வகுக்கப்பட்டுமிருந்தன. புத்தளத்திற் பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்குப் பாடசாலையும் தொழிலும் அங்கேயே இருந்தமையால், ஒரே குடும்பம் ஈரூர்களிற் பிரிந்து வாழ நேர்ந்தது.

இவ்விரு காலங்களையும் ஒருங்கு வைத்து நோக்குமிடத்து ஓர் உண்மை புலப்படும். தொழிலிழப்பின் கொடுமையை இழந்த வருமானத்தால் மட்டும் அளத்தல் பொருந்தாது. உறவினர் ஒருங்கிருந்து, கற்ற வித்தையைப் பிறிதொரு தொழிலுக்குப் பயன்படுத்த முடிந்தபோது குடும்பம் தாங்கி நின்றது. உறவும் வித்தையும் நிலமும் ஒருசேரப் பறிக்கப்பட்டபோது ஒரு தலைமுறை கடந்தும் அது நிமிரவில்லை. ஆகவே வேலையிழந்தோர்க்கு உதவ எண்ணுவோர் உணவுப் பங்கீட்டோடு அமைதல் தகாது. நிலத்தையும், தொழிற் கருவியையும், சேர்ந்து வாழும் வாய்ப்பையும் மீட்டுக் கொடுத்தல் வேண்டும். கயிற்றைப் பிடிக்க ஒரு கை இருந்தவரையிலேயே கடலில் இறங்கியவன் மேலே வந்தான் என்பது அக்கரையின் வரலாறு கற்பிக்கும் பாடமாகும்.